"பத்து ரூபாய் பெறப்பட்டது!" - போத்தனூரில் பேசும் பெட்டிகளும், பேசாத கணக்குகளும்

கோவைக்காரர்களிடம் போத்தனூர் என்று சொல்லிப் பாருங்கள். "ஓ, ஜங்ஷனா? அங்கே என்ன இருக்கு?" என்பார்கள். ரயில் நின்று போகும் ஊர், பாலக்காட்டுப் பாதை பிரியும் இடம், பழைய ரயில்வே காலனி. பலருக்கும் போத்தனூர் அவ்வளவுதான்.

ஆனால், பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பார்க்க வேண்டுமென்றால், கொங்கு மண்ணில் இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். ரயில்வே ஊழியர், பென்ஷன் வாங்கும் பெரியவர், குறிச்சி சிட்கோவுக்கு வேலைக்கு வந்த ஒடிசா இளைஞர், பொள்ளாச்சி ரயிலைப் பிடிக்க ஓடும் கல்லூரி மாணவி, கூடையோடு உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மா என எல்லோரும் ஒரே கடைவீதியில் ஒரே நேரத்தில் செலவு செய்கிறார்கள். இப்போது அவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது பர்ஸ் அல்ல, போன்.

மொபைல் பணப் பரிமாற்றத்தில் யாருக்கு என்ன லாபம், யார் கைக்கு எது வந்து சேர்கிறது? இதைத் தெரிந்துகொள்ள போத்தனூரை ஒரு நாள் முழுக்க நடந்தே சுற்றி வந்தோம்.

கோவைக்கு மூத்த ஸ்டேஷன்

முதலில் ஊரைப் பற்றி. கோவை ஜங்ஷனைவிட போத்தனூர் ஜங்ஷனுக்கு வயது அதிகம். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போட்ட ரயில் பாதை 1862-ல் போத்தனூரைத் தொட்டது. கோவை நகருக்குள் ரயில் நுழைந்ததோ 1873-ல், போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை கிளைப் பாதை போட்டபோதுதான். அதாவது 11 ஆண்டுகள் கோவைக்காரர்கள் ரயிலேற போத்தனூருக்குத்தான் வர வேண்டியிருந்தது. இன்றைக்கும் சில ரயில்கள் இருகூரிலிருந்து கோவைக்குள் நுழையாமல் நேராக போத்தனூர் வந்து கேரளாவுக்குப் போய்விடுகின்றன. 1915-ல் பொள்ளாச்சிக்கும் இங்கிருந்து பாதை போட்டார்கள். அது அகலப் பாதையாக மாறி 2017-ல் மீண்டும் ரயில் ஓட ஆரம்பித்தது.

இந்த ஊருக்கு ஆறாத வடுவும் உண்டு. 1921 நவம்பரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக் கைதிகளை திரூரிலிருந்து காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். அந்தப் பெட்டியின் கதவைத் திறந்தது இதே போத்தனூரில்தான். அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 'வாகன் டிராஜடி' என்று கேரளம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் துயரம் அது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ரயில்வே காலனி. பெரிய மரங்கள், பழைய ஓட்டு வீடுகள், ஒரு காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைந்திருந்த தெருக்கள். பக்கத்திலேயே தெற்கு ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனை. தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயின்ட் மெஷின், ரிலே போன்றவை இங்கே தயாராகின்றன. "சிக்னல் கிடைச்சாத்தான் வண்டி நகரும்" என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இன்று டீக்கடையிலும் அதே கதைதான்!

மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "அப்பெல்லாம் சம்பளம் ரொக்கமாத்தானுங்க. பணம் எடுத்துட்டு வர்ற கேஷியர் எந்த வண்டில வர்றார்னு ஊருக்கே தெரியும். அன்னிக்குப் பொழுதோட கடைவீதில கால் வெக்க எடம் இருக்காது. மளிகைக்கடை நோட்டுல மாசம் பூரா எழுதி வெச்ச கணக்கை அன்னிக்குத்தான் அடைப்போம். இப்ப பென்ஷன் எந்த நிமிஷம் வந்துச்சுன்னு போன் சொல்லுது. ஆனா பாருங்க, மாசம் பத்துத் தேதிக்குள்ள எங்க போச்சுன்னுதான் தெரியறதில்ல" என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும், அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது தயங்கும் விரல், திரையைத் தட்டும்போது தயங்குவதில்லை.

'சில்லறைக்கு அலையற பொழப்பு தீந்துதுங்க!'

கடைவீதிக்குள் நுழைந்தால் காதில் விழும் முதல் சத்தம், "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது." அடுத்த கடையில், "நாற்பது ரூபாய் பெறப்பட்டது." எதிர்ப்பக்கத்துப் பழக்கடையில் ஒரு பெட்டி இந்தியில் பேசுகிறது. மொழியை மாற்ற யாருக்கும் நேரமில்லை போல!

2019 வாக்கில் பேடிஎம் கொண்டுவந்த இந்தப் பேசும் பெட்டியை பிறகு போன்பே, கூகுள் பே, வங்கிகள் என்று எல்லோரும் பின்பற்றினார்கள். ஏன் இது இவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு டீக்கடைக்காரர் சொன்ன விளக்கம் எந்த ஆய்வறிக்கையையும்விடத் தெளிவானது.

"ஒரு கையில வடைச்சட்டி, இன்னொரு கையில டீ. காசு வந்துச்சான்னு போனை எடுத்துப் பாக்க எனக்கேதுங்க நேரம்? பொட்டி சத்தம் போட்டாச் சரி. முன்னெல்லாம் காத்தால கடை தொறக்கறதுக்கு முன்னாடி பெட்ரோல் பங்க், பஸ் கண்டக்டர்னு போயி சில்லறை மாத்திட்டு வருவேனுங்க. இல்லீன்னா மிட்டாய்தான் குடுக்கோணும். சில்லறைக்கு அலையற பொழப்பு தீந்துதுங்க."

"பெட்டிக்கு வாடகை உண்டா?"

"மாசம் நூறு ரூபாய்க்குப் பக்கத்துல அக்கவுன்ட்டுல இருந்து எடுத்துக்கறாங்க. எடுக்கறப்ப மட்டும் பொட்டி சத்தம் போடறதில்லீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால், மொபைல் பணப் பரிமாற்றத்தின் வியாபாரமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இலவசம் எப்படிக் கட்டுப்படியாகும்?

மொபைல் பேங்கிங் யுபிஐ-யோடு தொடங்கியது என்று நினைக்கிறோம். இல்லை. 2006-லேயே சென்னை ஐஐடியின் கிராமப்புறத் தொழில்நுட்ப மையமும் ஹைதராபாத்தின் வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் சேர்ந்து இந்திய மொபைல் பேமென்ட் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கின. 2008 அக்டோபரில் ரிசர்வ் வங்கி மொபைல் பேங்கிங்குக்கு முதல் விதிமுறைகளை வெளியிட்டது. அப்போது ஒருவர் ஒரு நாளில் 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். 2010-ல் ஐஎம்பிஎஸ் வந்தது. பணம் பெறுபவரின் மொபைல் எண்ணோடு ஏழு இலக்க எண் ஒன்றையும் கேட்டு வாங்க வேண்டும். அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? சாதாரண மக்களிடம் அது போய்ச் சேரவே இல்லை.

2016 ஏப்ரல் 11-ல் யுபிஐ அறிமுகமானது. எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும், எந்த ஆப் மூலமும் அனுப்பலாம் என்பதுதான் அதன் புதுமை. அதே ஆண்டு நவம்பர் 8-ல் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. ஏடிஎம் வரிசையில் நின்ற கால்கள் போன் பக்கம் திரும்பின. பிறகு வந்த கொரோனா காலம் 'காசைத் தொடாதே' என்று பழக்கிவிட்டது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாடு முழுக்க யுபிஐ-யில் நடந்த பரிமாற்றங்கள் 2,000 கோடியைத் தாண்டின.

சரி, இத்தனை கோடி முறை பணத்தைச் சுமந்து போவதற்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

கென்யாவில் 2007-ல் எம்-பெசா தொடங்கியபோது, பணம் அனுப்ப ஒரு கட்டணம், எடுக்க ஒரு கட்டணம் என்று வைத்தார்கள். அந்த வருமானத்தில்தான் அந்தச் சேவை வளர்ந்தது. இங்கே கதை வேறு. 2020 ஜனவரி 1 முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. அனுப்புகிறவருக்கும் கட்டணம் இல்லை. பதிலாக மத்திய அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25 நிதியாண்டுக்கு ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான பரிமாற்றத்துக்கு 0.15 சதவீதம்.

15 ரூபாய் டீக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டேகால் பைசா! அதையும் வங்கிகளும் ஆப் நிறுவனங்களும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டீக்கு மேலே நிற்கும் நுரைக்குக்கூட அது காணாது.

அப்புறம் ஏன் இந்த நிறுவனங்கள் தெருத்தெருவாக ஆள் விட்டு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுகின்றன? பணத்தைக் கொண்டுபோவதில் லாபம் இல்லை. பணம் போகும் பாதையில் கடை விரிப்பதில் இருக்கிறது லாபம். பேசும் பெட்டிக்கு வாடகை. மொபைல் ரீசார்ஜுக்குச் சில ரூபாய் கட்டணம். இன்ஷூரன்ஸ், தங்கம், மியூச்சுவல் ஃபண்ட் விற்றால் கமிஷன். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யோடு இணைத்தால் பெரிய கடைகளிடமிருந்து கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாக, கடன்.

ஒரு கடையில் எந்த நேரத்தில் எவ்வளவு வியாபாரம், எந்த நாளில் இறங்குகிறது, மழைக்கு எப்படி, பண்டிகைக்கு எப்படி என்பதெல்லாம் ஆப் நிறுவனத்துக்குத் தெரியும். கடைக்காரரின் மனைவிக்குத் தெரியாதது அதற்குத் தெரியும்! அதை வைத்து 'உங்களுக்கு 50,000 ரூபாய் கடன் தயார்' என்று திரையில் செய்தி வருகிறது. கூட்டு வைத்திருக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ கடன் கொடுக்கிறது. தவணை தினமும் க்யூஆர் வசூலிலிருந்து கழிகிறது. இன்று யுபிஐ பரிமாற்றங்களில் பத்தில் சுமார் எட்டு போன்பே, கூகுள் பே என்ற இரண்டே ஆப்களின் வழியாகப் போகின்றன. அந்த இரண்டு பேருக்கும் தெரிந்த அளவுக்கு நம் ஊர் சிறு வியாபாரத்தைத் தெரிந்தவர்கள் குறைவு.

சத்தம் அம்மாவுக்கு, பணம் மகனுக்கு!

கடைவீதி முனையில் கூடையில் மல்லி, முல்லை, செவ்வந்தி வைத்து விற்கிறார் ஒரு பூக்காரம்மா. கூடையின் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்குகிறது க்யூஆர் அட்டை. முழம் வாங்கிக்கொண்டு ஸ்கேன் செய்தோம். திரையில் ஓர் ஆண் பெயர் வந்தது.

"பையன் பேருங்கண்ணு. எனக்கு ஏது பெரிய போனு? அவனோட அக்கவுன்ட்டுலதான் எல்லாம் வந்து சேருது. பக்கத்துக் கடைப் பொட்டிலேயே எனக்கும் சேத்துச் சத்தம் வர்ற மாதிரி பண்ணிக் குடுத்திருக்கான்."

"காசு உங்க கைக்கு வருதாம்மா?"

சற்று நேரம் பேசாமல் பூத் தொடுத்தார். "வரும் கண்ணு, கேட்டா வரும். ஆனா கேக்கோணுமல்லோ? காத்தால நாலு மணிக்கு மேட்டுப்பாளையம் ரோட்டுப் பூ மார்க்கெட்ல மொதல் போடோணும். அங்க ரொக்கம் குடுத்தா ஒரு வெலை, கடன் சொன்னா ஒரு வெலை. முந்தியெல்லாம் பொழுது சாய சுருக்குப்பையில கையை விட்டா நாளைக்கு மொதல் இருக்குதான்னு தெரியும். இப்ப பை காலியா இருக்குது, வேவாரம் நல்லாத்தான் ஆச்சுங்கறாங்க."

மகன் கெட்டவர் இல்லை. அம்மாவின் காசை எடுத்துக் குடிப்பவரும் இல்லை. பைக் தவணை, கரன்ட் பில், குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் என எல்லாம் அதே கணக்கிலிருந்துதான் கழிகின்றன. மாதக் கடைசியில் அம்மாவின் முதலும் அதோடு போய்விடுகிறது. அப்போது அவர் போவது தண்டல்காரரிடம்.

தண்டல் கணக்கு தெரியாதவர்களுக்கு ஓர் உதாரணம். 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'ஆயிரத்து ஐந்நூறுதானே' என்று தோன்றும். ஆனால், முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் காலை நாலு மணிக்கு முதல் வேண்டியவருக்கு, அந்த நேரத்தில் கதவு திறப்பவர் தண்டல்காரர்தான். இப்போது அவரும் பையில் க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார் என்பது இந்தக் கடைவீதியின் புதுச் செய்தி!

தெருவோர வியாபாரிகளுக்கு 2020 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த 'பிஎம் ஸ்வநிதி' திட்டம் இந்த இடத்துக்குத்தான். சொத்து அடமானம் வேண்டாம். முதல் தவணைக் கடன் 10,000 ரூபாய் என்றிருந்தது, 2025-ல் 15,000 ஆனது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்த முறை கூடுதல் தொகை, அதற்கடுத்து 50,000 வரை. வட்டியில் 7 சதவீதம் மானியம். க்யூஆரில் பணம் வாங்கினால் மாதாமாதம் கேஷ்பேக் வேறு. மாநகராட்சி தரும் தெருவோர வியாபாரி அடையாளமும், அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

கவனியுங்கள், *அவர் பெயரில்* ஒரு வங்கிக் கணக்கு. பூக்காரம்மா ஆண்டுக்கணக்கில் விற்ற பூவுக்கெல்லாம் டிஜிட்டல் சாட்சி இருக்கிறது. ஆனால், அந்தச் சாட்சி மகன் பெயரில் இருக்கிறது. நாளைக்கு ஒரு வங்கி அந்தக் கணக்கைப் பார்த்தால், பூ வியாபாரம் செய்வது ஒரு இளைஞர் என்றுதான் நினைக்கும். அம்மாவின் உழைப்பில் சேர்ந்த நல்ல பெயரில் கடன் கிடைக்கப்போவது மகனுக்கு.

"உங்க பேர்ல அக்கவுன்டே இல்லையாம்மா?" என்றோம். "இருக்குதே! உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் அதுலதான் வருது" என்றார். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்காகக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் சொந்த வங்கிக் கணக்கைத் தூசு தட்டி எடுத்தார்கள். அந்தக் கணக்கோடு ஒரு க்யூஆர் அட்டையை இணைப்பது பெரிய வேலை இல்லை. வங்கிக் கிளையில் கேட்டாலே செய்து தருவார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் 2022-ல் 'யுபிஐ 123பே' என்ற வசதி வந்துவிட்டது. போனில் அழைத்தே பணம் அனுப்பலாம். "பையன்கிட்டக் கேட்டுப் பாக்கறேன் கண்ணு" என்றார். இதற்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு ரூபாய் கமிஷன் போன கதை

மதியத்துக்கு மேல் குறிச்சி சிட்கோ பக்கம் நடந்தோம். பம்ப், மோட்டார், வார்ப்படம் என்று சின்னதும் பெரியதுமாகப் பட்டறைகள். ஷிஃப்ட் முடிந்து வரும் இளைஞர்கள் பேசுவது ஒடியாவும் இந்தியும். அவர்களில் பலர் முதலில் கால் வைத்த கோவை மண் போத்தனூர் பிளாட்ஃபாரம்தான்.

ஒரு காலத்தில் இவர்கள் ஊருக்குப் பணம் அனுப்ப தபால் நிலையத்தில் மணியார்டர் பாரம் எழுத வேண்டும். இந்தி தெரிந்தவர் யாராவது எழுதித் தருவார்கள். பணம் போய்ச்சேர்ந்ததா என்று தெரியவே நாளாகும். பிறகு தெருவுக்குத் தெரு 'மணி டிரான்ஸ்ஃபர்' கடைகள் வந்தன. நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷன், பத்து நிமிடத்தில் மனைவியின் கணக்கில் பணம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கடை வாசலில் வரிசை நிற்கும்.

அப்படிக் கடை வைத்திருந்த ஒருவரைச் சந்தித்தோம். "ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு வாரத்துக்கான சம்பாத்தியம் வந்துருமுங்க. இப்ப பசங்க நின்ன எடத்துல இருந்தே ஊருக்கு அனுப்பிச்சிடறாங்க. நாம என்ன பண்றது? ரயில் டிக்கெட் போட்டுக் குடுக்கறேன். ஆதார்ல கைரேகை வெச்சுப் பணம் எடுத்துக் குடுக்கறேன். புதுசா வர்ற பசங்களுக்கு அக்கவுன்ட் தொறக்க ஒத்தாசை பண்றேன். ஒரு தொழில் போனா அதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு மொளைக்குமுங்க. நாமதான் குனிஞ்சு பாக்கோணும்" என்றார். கொங்கு நாட்டு வியாபாரி!

அவர் கடையில் நின்றிருந்த ஒடிசா இளைஞர் தமிழிலேயே பேசினார். "முன்னாடி அம்மாவுக்கு மாசம் ஒரு தடவை அனுப்புவேன். இப்போ இருநூறு, முந்நூறுன்னு நாலைஞ்சு தடவை. மருந்துன்னு போன் வந்தா அப்பவே." மாதம் ஒருமுறை சம்பளத்தைப் பிரித்துக் கொடுத்த குடும்பங்கள், இன்று தேவைக்குத் தேவை கொடுத்து வாங்குகின்றன. கடல் தாண்டியும் இது நடக்கிறது. 2023 பிப்ரவரியில் யுபிஐ சிங்கப்பூரின் பேநவ்-வோடு இணைந்தது. 2024 பிப்ரவரியில் இலங்கைக் கடைகளிலும் இந்திய யுபிஐ-யை ஸ்கேன் செய்யும் வசதி வந்தது.

வெள்ளலூரில் இறங்கிய வெள்ளிக்காசு

போத்தனூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையில் வெள்ளலூர். மாலை வெயிலில் அங்கே போனதற்குக் காரணம் உண்டு. 1842-ல் இந்த ஊரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமப் பேரரசர்களின் முகம் பொறித்த தெனாரியஸ் காசுகள். அதன் பிறகும் இங்கே புதையல்கள் கிடைத்தன. சேர நாட்டுக் கரையில் இறங்கிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்த மண்ணைக் கடந்துதான் கரூருக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் போனது. படியூர்ப் பச்சைக்கல்லும் கொடுமணல் மணிகளும் அந்தப் பக்கம் போக, இந்தக் காசுகள் இந்தப் பக்கம் வந்தன. இன்றைய ரயில் பாதையும் அதே கணவாயில்தான் ஓடுகிறது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்த வியாபாரி, தான் பார்த்தே இராத ஒரு ராஜாவின் முகத்தை நம்பி அந்தக் காசை வாங்கினார். வெள்ளி இருந்ததால் எடை போட்டும் பார்த்துக்கொண்டார். இன்றைய டீக்கடைக்காரர் பார்த்தே இராத ஒரு சர்வரை நம்பி, ஒரு பெட்டியின் குரலுக்கு டீ கொடுக்கிறார். எடை போட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை.

சத்தம் வராத நாட்கள்

அந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளாகும் நாட்களும் உண்டு. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுக்க யுபிஐ பல மணி நேரம் தடுமாறியது. அதற்கு முன் மார்ச் 26-லும் இப்படி ஆனது. ரொக்கமே வைத்திராதவர்கள் சாப்பிட்டுவிட்டு ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

மோசடிகளும் பெருகிவிட்டன. பணம் அனுப்பியதுபோல் போலித் திரையைக் காட்டிவிட்டுப் போவது ஒரு வகை. கடையின் க்யூஆர் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது இன்னொரு வகை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க" என்பது பழைய வித்தை. அதைத் தடுக்கத்தான் தனிநபர்களிடையே பணம் 'கேட்கும்' வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள்.

வரி பயம் வேறு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவுகளை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். அந்தச் செய்தி போத்தனூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. "நமக்கும் வருமாங்க?" என்று மூன்று கடைகளில் கேட்டார்கள். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், சேவை என்றால் 20 லட்சம் ரூபாய் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். க்யூஆரில் வாங்கினாலும் ரொக்கமாக வாங்கினாலும் இதே கணக்குதான். ஆனால், மகனின் நண்பர் திருப்பித் தந்த கடனும், மச்சான் அனுப்பிய சீட்டுப் பணமும் அதே க்யூஆரில் வந்தால், எது வியாபாரம், எது வீட்டுக் காசு என்று பிரித்துக் காட்டுவது கடைக்காரரின் தலைவலி. கடைக்கென்று தனிக் கணக்கு வைத்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்தத் தொழிலுக்கு இனி எங்கே வாய்ப்பு என்று கேட்டால், ஒரு நாள் சுற்றியதில் கண்ணில் பட்டது இதுதான். ஸ்டிக்கர் ஒட்ட இனி இடமில்லை. தமிழிலேயே கணக்குச் சொல்லும் ஆப், பட்டன் போனுக்கும் பேசும் பெட்டி, அதிகாலை நாலு மணிக்கு நியாயமான வட்டியில் ஐயாயிரம் ரூபாய் முதல், வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் பிரித்துக் காட்டும் ஒரு பக்கம். இவற்றை யார் கொடுக்கிறார்களோ, அவர்களுக்குத்தான் அடுத்த பத்தாண்டு. தண்டல்காரருக்கு இது தெரியும். வங்கிகளுக்கும் தெரிந்தால் நல்லது.

போகிறவர்களுக்கு...

* கோவை ஜங்ஷனிலிருந்து போத்தனூர் சுமார் 6 கி.மீ. பொள்ளாச்சி, பாலக்காடு ரயில்களில் ஏறலாம். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் ஆப்பில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.
* சாலை வழி என்றால் உக்கடம் - ஆத்துப்பாலம் மேம்பாலம் 2024 ஆகஸ்ட்டில் திறந்த பிறகு பயணம் சுலபம்.
* போகும் வழியில் குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் சிலை குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

கையில் போன் உள்ளவர்களுக்கு...

* பணம் *வாங்க* பின் நம்பர் தேவையே இல்லை. யார் கேட்டாலும் போடாதீர்கள்.
* பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் ஒருமுறை சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர்கள் காலையில் கடை திறந்ததும் தங்கள் ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.
* சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட். பின் போடாமல் 1,000 ரூபாய் வரை அனுப்பலாம், 5,000 வரை அதில் வைத்திருக்கலாம். போனே தொலைந்தாலும் இழப்பு அந்த அளவோடு நிற்கும்.
* ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.
* பர்ஸில் ஐந்நூறு ரூபாயாவது ரொக்கம் இருக்கட்டும்.
* வீட்டில் அம்மாவோ, பாட்டியோ, அக்காவோ சிறு வியாபாரம் செய்கிறார்களா? அவர்களின் க்யூஆரை ஸ்கேன் செய்து பாருங்கள். வேறு யார் பெயராவது வந்தால், அவரை வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போக ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.